நம் ஊருக்கு நிருபராக வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அடுத்த மாதம் முதல் திருநெல்வேலியில் குற்றச் செய்திகளையும் நீதிமன்றச் செய்திகளையும் நீதான் கவனிக்கப் போகிறாய் என்று தொலைபேசியில் சொன்னபோது, மகிழ்ச்சியில் எனக்கு வேறெதுவும் பேசத் தோன்றவில்லை. ஆனால் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில், நீ வந்து இறங்கும் முன்பே சொல்லிவிட வேண்டியவை சில இருக்கின்றன. சென்னையில் நீ எழுதியதைப் படித்தவர்கள் முகம் தெரியாதவர்கள். இங்கே நீ யாரைப் பற்றி எழுதுகிறாயோ அவருடைய தாயார் மறுநாள் பாளை மார்க்கெட்டில் என் எதிரே நிற்பார்.

காவல் நிலையம் தருவது ஒரு தரப்பின் கூற்று என்பதை ஒரு நாளும் மறந்துவிடாதே. மாலையானால் கைது விவரமும் படமும் உன் கைப்பேசிக்கு வந்துவிடும். அதை அப்படியே தட்டச்சு செய்தால் அன்றைய வேலை முடிந்துவிடும். "போலீசாரிடம் அளித்த பரபரப்பு வாக்குமூலம்" என்ற தலைப்பை எத்தனையோ முறை காலையில் வீட்டில் படித்துவிட்டு, அதே வழக்குக்கட்டை அலுவலகத்தில் பிரித்திருக்கிறேன். காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 23ஆவது பிரிவுக்குப் போயிருக்கிறது. அந்த வாக்குமூலத்தின் வழியாக ஓர் அரிவாளோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தொடர்புடைய பகுதி மட்டுமே சாட்சியத்தில் ஏறும். நீதிபதி சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று சட்டம் விலக்கி வைத்த ஒன்றை, ஊரே படிக்கும்படி பத்திரிகை அச்சடிக்கிறது. நாளை சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறவர்களும் அதைத்தான் படிக்கிறார்கள்.

தாள்களைத் தேடு, மகளே. சாத்தான்குளம் இன்று தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986 வரை நம் ஜில்லாதான். 2020 ஜூன் 19 அன்று அங்கே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும், அவரைத் தேடிப் போன மகனும் என்ன ஆனார்கள் என்பதை நீ அறிவாய். ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகவும், தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டதாகவும் முதல் தகவல் அறிக்கை சொன்னது. அக்கம்பக்கத்துக் கண்காணிப்புக் கேமராப் பதிவை ஊடகங்கள் வெளியிட்டபோது அதில் உருளலும் இல்லை, புரளலும் இல்லை. மகன் 22ஆம் தேதி இரவிலும் தந்தை 23ஆம் தேதி காலையிலும் இறந்தார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் எத்தனை கைகளைக் கடந்து போயிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார். கைதுக் குறிப்பு, அரசு மருத்துவமனையில் கொடுத்த உடல் தகுதிச் சான்று, நடுவரின் (மாஜிஸ்திரேட்) ரிமாண்டு உத்தரவு, கோவில்பட்டி கிளைச் சிறையின் சேர்க்கைப் பதிவேடு என ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாள் உருவாகியிருக்கிறது, ஒவ்வொரு தாளிலும் ஒருவர் கையெழுத்திட்டிருக்கிறார். இந்த வாசல்களில் எதுவும் வெறும் சடங்கு அன்று. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்வதன் நோக்கமே, ஒருவர் அவரைக் கண்ணால் பார்த்து, அடித்தார்களா என்று கேட்க வேண்டும் என்பதுதான். ஆகவே கைதுச் செய்தி வந்தால், யார் எப்போது நடுவர் முன் நிறுத்தப்பட்டார், மருத்துவர் என்ன எழுதினார், சிறைப் பதிவேட்டில் காயம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேள். குளியலறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்ற விளக்கத்தோடு மாவுக்கட்டுப் படம் வந்தால், அதைச் சிரித்துக்கொண்டே வெளியிடும் வழக்கம் நம் பத்திரிகைகளில் இருக்கிறது. அந்தச் சிரிப்பில் நீ சேராதே. அங்கே ஒரு மனிதனின் எலும்பு முறிந்திருக்கிறது. எப்படி என்பதுதான் செய்தி.

சாத்தான்குளம் நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றன்றே தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்ததாக, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். நிலையத்திலேயே அவருக்கு ஒத்துழைப்பு இல்லாமல், மதுரைக் கிளை அதை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கத்திலும் ஒரு பெண் தலைமைக் காவலர் தாம் பார்த்ததைச் சொன்னார். அந்த அம்மையாரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கேட்க வேண்டிய பதிவை அந்தக் காலத்துக்குள் எழுத்து மூலம் கேட்டுவிடு.

இன்னொன்று, வழக்கை முதல் நாளோடு விட்டுவிடாதே. குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாளுக்குள் புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், சிறையில் இருப்பவருக்குப் பிணை உரிமையாகிவிடும். அப்படி வெளியே வந்தவரைப் பற்றி, நீதிமன்றம் தாராளமாக விட்டுவிட்டதைப் போல எழுதுகிறார்கள். குற்றப்பத்திரிகை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. கைதானபோது படத்தோடு செய்தி வந்த ஓர் இளைஞன், பல ஆண்டுகள் கழித்து விடுதலையாகி, தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் பத்திரிகையில் போடுவார்களா என்று என்னிடம் கேட்டான். எந்தப் பத்திரிகையும் போடவில்லை. நீ யாருடைய கைதை எழுதுகிறாயோ அவருடைய வழக்கு எண்ணைக் குறித்து வைத்துக்கொள். வாய்தாத் தேதிகள் இப்போது நீதிமன்ற இணையதளத்திலேயே கிடைக்கின்றன.

நம் பக்கத்தில் ஒரு கொலை நடந்தால், எந்த ஆளுகள், அதாவது எந்தச் சாதி என்பதுதான் முதல் கேள்வி. காவல்துறைக் குறிப்போ பெரும்பாலும் முன்விரோதம் என்று நிறுத்திக்கொள்ளும். சாதி காரணமாக இருக்கும் இடத்தில் அதை மறைக்காமல் எழுது. காரணமாக இல்லாத இடத்தில் இழுத்து வராதே. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது விதி. அது நடக்கிறதா என்று பார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். சிறார் சம்பந்தப்பட்டால், வெட்டுப்பட்டவராயினும் வெட்டியவராயினும், பெயரும் முகவரியும் பள்ளியும் அச்சில் வரக்கூடாது என்கிறது சட்டம். சிற்றூரில் தெருவையும் தகப்பனின் தொழிலையும் போட்டாலே பெயரைப் போட்டதற்குச் சமம்.

2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில் போலீசார் விசாரணைக்கு அழைத்துப்போனவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. சார் ஆட்சியர் விசாரணையில் ஒருவர், தாம் கீழே விழுந்ததாகச் சொன்னார். அதைக் கேட்டு ஊரில் பலர் முகம் சுளித்தார்கள். முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்வது பழகிப்போனவர்கள் அவர்களில் மிகக் குறைவு. அதே ஊரில், அதே காவல் எல்லைக்குள், பிள்ளை குட்டிகளோடு இனியும் வாழ வேண்டியவர்களே அதிகம். உன்னிடம் பேசுகிறவரைப் பேசவைத்துவிட்டு நீ அடுத்த செய்திக்குப் போய்விடலாம், அவரால் போக முடியாது. பெயரைப் போட வேண்டுமா என்று அவரிடம் இரண்டு முறை கேள். இரண்டாவது முறை, வீட்டார் உடனிருக்கும்போது கேள்.

உனக்கு மிரட்டல் வந்தால் என்னிடம் மறைக்காதே. அன்றைக்கே ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவித்து, புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்.

கடைசியாக ஒன்று. என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் அந்த வளாகத்தில் இருக்கிறார்கள். என் பெயரைச் சொல்லி ஒரு தாள்கூடக் கேட்காதே. அவர்கள் வேலைக்கும் ஆபத்து, உன் செய்திக்கும் இழுக்கு. வழக்கில் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால், காரணம் காட்டி மனுப் போட வேண்டும். நீதிபதி அனுமதித்தால்தான் கிடைக்கும். நகல் பிரிவில் முற்பகலில் வழக்கறிஞர் குமாஸ்தாக்களின் நெரிசல் இருக்கும் என்பதால் மூன்று மணிக்கு மேல் போ; வழக்கு எண்ணையும் ஆண்டையும் சரியாக எழுதிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை