செயலாளர் அறிக்கை: செஞ்சிக் கோட்டையும் நம் சங்கமும்

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன, ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. அந்தப் பகுதியை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். இந்த வருஷம் நம் நேரத்தை எல்லாம் தின்றது ஒரே ஒரு துண்டறிக்கை.

2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சிக் கோட்டை. ஊரே சந்தோஷப்பட்டது. அப்புறம் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் புதிதாக ஒரு கேள்வி கிளம்பியது: “சார், இது சிவாஜி கட்டின கோட்டையா?” அதுவரை எல்லோரும் கேட்டது “தேசிங்கு ராஜா கோட்டைதானே?” என்றுதான். வருகிறவர்கள் கையில் கொடுக்க இரண்டு பக்கத்தில் ஏதாவது அச்சடிக்கலாம் என்று முடிவெடுத்தோம். அட்டையில் தேசிங்கா சிவாஜியா என்பதிலேயே செயற்குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மூன்று கூட்டம் அதிலேயே போனது.

நான் சொன்னது இதுதான்: இருவருமே கட்டவில்லை. முதலில் 1200ஐ ஒட்டிக் கோன் குலத் தலைவர்கள் அரண் எழுப்பினார்கள் என்பது மரபு. ஆனந்தக்கோன் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்கள்தான் இதைப் பெரிய கோட்டையாக்கினார்கள். வேங்கடரமணர் கோயில் அவர்கள் காலத்தது. 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி வந்தார். அவர் புது மதில் எழுப்பி, அகழி வெட்டி, கொத்தளம் கட்டியதை அப்போது தமிழ்நாட்டில் இருந்த ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆக, சிவாஜி பலப்படுத்தினார். அந்தப் பலம் என்ன என்பது அவர் மகன் காலத்தில்தான் தெரிந்தது.

1689இல் சம்பாஜியை முகலாயர் கொன்றதும் தம்பி ராஜாராம் தப்பி வந்து நம் ஊரில் தங்கினார். மராட்டியருக்குத் தலைநகரமே செஞ்சி என்றானது. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து வளைத்தார். அவர் உள்ளே நுழைந்தது 1698இல். ராஜாராம் அதற்கு முன்பே வெளியேறிவிட்டார். இடையில் ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சொல்லி, இளவரசரையே தளபதி காவலில் வைத்த கூத்தும் நடந்தது. முற்றுகை போட்ட பாளையத்திலேயே தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் உண்டு.

இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று தை மாத மலை நடையில் ஒரு பள்ளி மாணவி கேட்டாள். பதிலை நடந்தே காட்டினோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் ஒரே மதில் இணைக்கிறது, ஒன்றை மட்டும் பிடித்து லாபமில்லை. கீழே பெரிய தானியக் களஞ்சியம், மேலே வற்றாத சுனை. கல்யாண மகாலின் மேல் மாடிகளுக்குச் சுடுமண் குழாயில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் பாறை சட்டென்று பிளந்து கிடக்கிறது, அகலம் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. மரப்பாலத்தை இழுத்துவிட்டால் மேலே ஏற வழியே இல்லை. அந்தப் பெண் இன்றைய பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, புரியுது” என்றாள். துண்டறிக்கையில் அந்தப் பிளவின் படத்தைப் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

தேசிங்கு விஷயத்துக்கு வருகிறேன். தேஜ் சிங் என்ற அந்த இளைஞர் ஆண்டது ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. கப்ப பாக்கிக்காக ஆற்காட்டு நவாப் சாததுல்லா கான் படையோடு வர, பணிய மறுத்து, சின்னப் படையோடு போய் 1714 அக்டோபரில் விழுந்தார். செட்டிக்குளக் கரையில் எரியூட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருபத்திரண்டு வயசு. கோட்டையைக் கொஞ்ச நாளே ஆண்டவர்தான் கூத்திலும் பாட்டிலும் மிக நீண்ட நாள் இருக்கிறார். அவரை அட்டையிலிருந்து எடுத்ததற்கு என்மேல் கோபப்பட்ட மூத்த உறுப்பினர்களின் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. உள்ளே அரைப்பக்கம் அவருக்குத்தான்.

துண்டறிக்கை வந்தும் நிம்மதியில்லை. அச்சகத்தில் 1714 என்பது 1741 ஆகிவிட்டது. பிழை பார்த்தது நான், பழியும் என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எட்டுப் பேர் உட்கார்ந்து நீலப் பேனாவால் திருத்தினோம். டீயும் போண்டாவும் கொடுத்த உறுப்பினர் வீட்டாருக்கு நன்றி.

பங்குனியில் புதுச்சேரி போய் வந்தோம். கோட்டையை 1750இல் தளபதி புஸ்ஸி தலைமையில் ஒரே இரவில் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1761இல் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். வேங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள்தான் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான். உப்புக்காற்றிலும் செதுக்கல் தெரிகிறது. நம் உறுப்பினர் ஒருவர் தூணைத் தட்டிக்கொடுத்து, “நம்மூர்க்காரங்க” என்றார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். துண்டறிக்கையின் மறுபதிப்புக்குப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும், இந்த முறை பிழை திருத்த என்னோடு இன்னொருவரும் வேண்டும். கிருஷ்ணகிரி நடைக்குப் பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தோள்பைக்குள் வையுங்கள், கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். போன முறை ஒரு குரங்கு பொருளாளரின் புளிசாதத்தோடு ரசீதுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மதில் ஏறிவிட்டது. கணக்கில் அந்தப் பக்கம் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இப்படிக்கு,
செயலாளர்