பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட, பல இனத்தவர் வாழும் நாடுகளுக்குத் தேர்தல் ஜனநாயகம் ஒத்துவராது என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற வாக்குப்பெட்டிதான் இலங்கையில் இரண்டு இனங்களை மோதவிட்டதாம். அப்படிப்பட்ட நாடுகளுக்கு உறுதியான ஒற்றைத் தலைமையே வேண்டுமாம். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதுரையைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தியவன் நான். தேர்தல்தோறும் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவனும்கூட. கட்டுரையாளர் வாக்குப்பெட்டியைப் பார்த்திருக்கிறார், பட்டியலைப் பார்க்கவில்லை.

இலங்கையில் ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை 1931லேயே வந்துவிட்டது. இங்கிருந்து போய் மலையகத்தில் குடியேறிய தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள் இருந்தன. அந்தக் கட்டுப்பாடுகளையும் மீறி 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் சொந்தப் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தொழிலாளர் தலைவர் தொண்டமான் அப்படிப் போனவர்தான். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் அவர்களுடைய வாக்கு துணை நின்றது. ஆட்சியில் இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. விடுதலை பெற்ற அதே 1948ல் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949ல் வாக்குரிமையும் போயிற்று. 1946 கணக்கெடுப்பில் எட்டு லட்சத்தை நெருங்கியிருந்த ஒரு சமூகத்துக்கு 1952 தேர்தலில் சொந்தப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. சிறுபான்மையினரைப் பாதிக்கும் சட்டம் கூடாது என்று அப்போது நடப்பில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லியும் பயனில்லை. அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு 1953ல் தோற்றது.

இதன் அடுத்த விளைவைப் பலரும் கவனிப்பதில்லை. தொகுதிகளைப் பிரித்தபோது மக்கள்தொகையை வைத்தே பிரித்தார்கள். தேயிலைத் தோட்டத்துத் தமிழனும் அவன் பிள்ளைகளும் தலைக்கணக்கில் சேர்ந்தார்கள், வாக்குக் கணக்கில் சேரவில்லை. அவர்களால் கிடைத்த இடங்களுக்கும் மலைநாட்டுச் சிங்கள வாக்காளர்களே ஆள் அனுப்பினார்கள். அதன் பிறகு எந்தக் கட்சிக்கும் தமிழ்த் தொழிலாளியிடம் போய்க் கைகூப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை. சிங்கள வாக்குக்கு மட்டும் ஏலம் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பண்டாரநாயக்கா தனிச்சிங்களம், அதாவது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார், ஆளுங்கட்சியும் தன் பழைய நிலையை விட்டுவிட்டு அதையே சொன்னது. தேர்தலில் வென்று அவர் பிரதமரானார், 1956 ஜூனில் அது சட்டமாயிற்று. 1957ல் தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு அதே பண்டாரநாயக்கா செய்துகொண்ட ஒப்பந்தத்தை எதிர்க்கட்சியும் பிக்குகளும் எதிர்த்தார்கள். மறு ஆண்டே அதை அவர் கிழித்துப்போட்டார். வாக்குரிமை மட்டும் பறிபோகாமல் இருந்திருந்தால், ஒப்பந்தத்தைக் காப்பாற்றியதற்குத் தேர்தலில் நன்றி சொல்ல மலையகத்தில் எத்தனை லட்சம் பேர் இருந்திருப்பார்கள் என்று வகுப்பில் கேட்பேன். பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நமக்குக் கசக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம், பிறகு அமைச்சராகி, அதன் தொடர்ச்சியாக வந்தவற்றோடு உடன்பட்டுப் போனார். அதைத் தாங்காமல்தான் செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டத் தமிழன், நாளை நாம் என்று அவருக்குப் பட்டது. அப்படியே ஆயிற்று.

கொழும்பு அந்த வழியில் போன அதே 1956ல் இங்கே என்ன நடந்தது? மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார், அக்டோபரில் நம் மதுரை அரசு மருத்துவமனையில் உயிர்விட்டார். நவம்பர் 1ல் மொழிவழி மாநிலங்கள் வந்தன. அவர் கேட்ட பெயர் 1969 ஜனவரியில் வந்தது. நடுவில் 1965ன் இந்தி எதிர்ப்புப் போராட்டம். ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தின்போது காங்கிரஸ் அலுவலகம் அருகே மூண்ட கைகலப்பு மாநிலம் முழுக்கப் பற்றியது. எனக்கு அப்போது பத்து வயது. கடைக் கதவுகளை இழுத்து மூடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எத்தனையோ உயிர்கள் போயின. ஆனாலும் 1967ல் மக்கள் கோபத்தைக் காட்ட வாக்குச்சீட்டு கையில் இருந்தது. பிரிவினைக் கோரிக்கையை 1963ல் கைவிட்ட தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு அந்த வழி அடைபட்டபோது என்ன ஆயிற்று என்பதை 1983 கலவரத்துக்குப் பிறகு ராமேஸ்வரம் கரையில் வந்திறங்கிய படகுகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை வைத்து நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளவும் முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். 1996லிருந்து பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் வர ஆதிக்கச் சாதியினர் விடவில்லை. வேட்புமனு இருக்காது, இருந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். மேலவளவில் தலைவராகப் பதவியேற்ற முருகேசனையே 1997ல் வெட்டிக் கொன்றார்கள். அந்த மூன்று ஊர்களில் 2006ல் தேர்தல் நடந்து தலைவர்கள் நிலைத்தார்கள் என்றால், சளைக்காமல் மறுபடி மறுபடி தேர்தல் அறிவித்ததும், மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும்தான் காரணம். ஒற்றைத் தலைமை ஒன்றும் வந்து செய்யவில்லை.

என் பெரியம்மா இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தோட்டத்தில், லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் மலையகத்தாரில் ஐந்தே கால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று இரு அரசுகளும் பங்கு பிரித்தன. மீதி ஒன்றரை லட்சத்தை 1974ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியம்மாவுக்கு எழுபதுகளில் பாஸ்போர்ட் வந்தது. மேலூர் பக்கம் வந்து களையெடுக்கப் பழகினார். 1977 தேர்தலில் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். மை காய்ந்த பிறகும் அந்த விரலை இரண்டு நாள் தண்ணீரில் படாமல் வைத்திருந்தார். அம்மா சிரித்தபோது, "உனக்குப் பொறந்ததுலயிருந்து இருக்குடி" என்றார்.

இப்போது நான் குடியிருப்பது ஆனையூரில். பட்டியல் சரிபார்க்கத் தெருத்தெருவாகப் போன காலத்தில் அகதிகள் முகாம் வாசலோடு திரும்பிவிடுவோம். 2021ல் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது, நல்ல பெயர். மாநிலத்தில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், உள்ளே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். கலவரத்துக்கு அஞ்சி இலங்கையின் வடக்கே வவுனியா பக்கம் குடிபெயர்ந்து, அங்கிருந்தும் விரட்டப்பட்டு இங்கே வந்த மலையகத்தார் அவர்களில் நிறைய. அவர்களுடைய பாட்டன்மார் மதுரை, ராமநாதபுரம், திருச்சி மாவட்டங்களிலிருந்து ஆள்பிடித்துக் கூட்டிப்போன கங்காணி பின்னால் கப்பல் ஏறியவர்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 இறுதியில் விதி இன்னும் இறுகியது. அகதிகளாக வந்தவர்களுக்குக் குடியுரிமை தர வந்த 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை.

பதினெட்டு முடிந்ததும் என்னிடம் படித்த முகாம் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கூடப் படித்தவர்கள் எல்லோரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 வாங்கிவிட்டார்களாம். கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தான். இந்தியக் குடிமகன் என்று உறுதி கூறும் இடம் வந்ததும் பேனாவை மூடினான். "சார், இதுல பொய் எழுதக் கூடாதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் படிவத்தை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தான். வகுப்பில் 1948 சட்டத்தை நான் நடத்தியபோது முன்வரிசையில் இருந்தவன் அவன்.

இலங்கையைப் பற்றி எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். கூடவே தங்கள் நிருபர் ஒருவரை ஆனையூருக்கும் அனுப்புங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நானே முகாமுக்கு அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஆனையூர், மதுரை.