நகர்த்த முடிந்த நூலகம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்குப் புதிய வகுப்பறைகள் கட்டப்படுவது குறித்த செய்தியைப் படித்தேன். மனநிறைவான செய்தி. ஆனால் நூலகத்துக்கென்று ஓர் அறை ஒதுக்கினால் மட்டும் போதாது. பிள்ளைகளின் தேவை மாற மாற அந்த அறையும் மாற வேண்டும். நூலகம் வளரும் உயிர் என்று நூலக அறிவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னையிலிருந்து எழுதியது 1931-இல். நாமோ இன்னும் அசைக்க முடியாதபடிதான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் பணியாற்றிய பள்ளியில் நூலக அறையின் மூன்று சுவர்களிலும் கூரை வரை சிமென்ட் தட்டுகள். கதைப் புத்தகங்கள் மேல்தட்டில். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாது. நடுவில் நீளமான இரும்பு மேசை, அதை நகர்த்தவே நான்கு பேர் வேண்டும். அப்புறம் கணினிகள் வந்தன. ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் தட்டுக்குப் பின்னால். கடைசியில் புத்தகங்களை மூட்டை கட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கணினிகளுக்கு இடம் பிடித்தோம். இரண்டுக்கும் அந்த அறையில் இடம் இருந்தது என்பதுதான் வருத்தம்.

எனவே, புதிய கட்டடங்களின் வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போதே, நூலகத்தில் நகராதபடி பூட்டக்கூடிய சக்கரம் வைத்த உயரம் குறைந்த அலமாரிகள், மடக்கு மேசைகள், நான்கு சுவர்களிலும் மின் இணைப்பு ஆகியவற்றைப் பள்ளிக் கல்வித் துறை கட்டாயமாக்க வேண்டும். அந்த அறையைப் பயன்படுத்தப்போகும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் முன்கூட்டியே ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்