அல்பான் பிசினும் பெருங்காயமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் எருசலேம் ஆலயக் கட்டுரையில், அங்கே எரித்ததும் நாம் வெள்ளிக்கிழமை போடும் அதே சாம்பிராணிதான் என்று ஒரு வரி. நாட்டு மருந்துக் கடைக்காரனான எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

நாங்கள் நிறுத்துக் கொடுக்கும் சாம்பிராணி சுமத்ரா பக்கத்துச் சரக்கு. கட்டியை உடைத்தால் பழுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகப் பருப்பு பதித்தது போல் இருக்கும். ஆலயத்தில் எரித்த, எபிரேயர் ‘லெவோனா’ என்று சொல்லும் பிசின் வேறு மரத்தினுடையது. தெற்கு அரேபியாவிலும் சோமாலியாவிலும் பட்டையைக் கீறினால் துளித்துளியாக வடிந்து உறைவது. நம்மூர்க் குந்துருக்கம் அதன் நெருங்கிய உறவு. இஸ்ரேலில் டெல் அராத் என்ற இடத்தில் உள்ள பழங்காலக் கோயிலின் பலிபீடத்தில் ஒட்டியிருந்த கரியைச் சோதித்து, அந்தப் பிசின்தான் என்று 2020-ல் உறுதி செய்தார்கள்.

பைபிளின் யாத்திராகமம் 30-ம் அதிகாரம் இதோடு இன்னும் மூன்று சரக்குகளைச் சொல்கிறது. தமிழ் பைபிளில் அவை வெள்ளைப்போளம், குங்குலியம், அல்பான் பிசின். குங்குலியம் என்றால் நமக்கு மரப்பிசின். ஆனால் எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் உள்ள ‘ஷெகேலெத்’தைக் கிரேக்கத்தில் நகம் என்ற பொருளில் பெயர்த்தார்கள், கடல் நத்தையின் வாய்மூடி ஓடு என்பதே பலர் கருத்து.

கட்டுரை தொடாமலே விட்டது அல்பான் பிசினை. அதுதான் சுவாரஸ்யமான ஆள்! ஈரான் மலைச்செடியின் பால். நம் பெருங்காயத்துக்குப் பங்காளி, இரண்டும் ஃபெரூலா இனம். தனியாக முகர்ந்தால் யாருக்கும் பிடிக்காது. யூதரின் தல்மூத் நூலில் வரும் ரபிகளும் (மத போதகர்கள்) அது நாற்றம் என்றே ஒப்புக்கொள்கிறார்கள். அதையும் வேதம் தூபத்தில் சேர்த்திருக்கிறதே, அப்படியானால் பாவிகள் கலந்துகொள்ளாத நோன்பு நோன்பே அல்ல என்று அதிலிருந்து ஒரு நியாயம் எடுத்தார்கள். சாம்பாரில் பெருங்காயம் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஒருவர் இந்த நான்கையும் சீட்டில் எழுதி வந்து, சம எடையாகக் கட்டித் தரச் சொன்னார், வீட்டு ஜெபத்துக்காம். ‘அண்ணாச்சி, அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பார்த்தீர்களா? முகர்வதற்காக இதைப் போலச் செய்கிறவன் ஜனத்தில் இராமல் அறுப்புண்டு போவான் என்று இருக்கிறதே’ என்றேன். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சாம்பிராணி ஒரு டப்பா வாங்கிப் போனார்.

— நாட்டு மருந்துக் கடை வாசகர், பாளையங்கோட்டை