நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரை

இதயநோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிளினிக்கின் கூட்டமும் ஆள் பற்றாக்குறையும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

போன மாதம் ஒரு நள்ளிரவில், நெஞ்சை அடைக்கிறது என்று அம்மா எழுந்து உட்கார்ந்தார். மற்ற மருந்துகளோடு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்திருந்த குட்டி மாத்திரை ஒன்றை வாயில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். வலி நிற்கவில்லை. இன்னொன்றையும் அப்படியே விழுங்கினார். நெஞ்சுவலி வரும்போது போட நீங்கள் கொடுத்த ஜி.டி.என். (கிளிசரில் டிரைநைட்ரேட்) மாத்திரை அது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிட வேண்டியது. விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே வீணாகிவிடும். கண்ணாடிப் புட்டியிலேயே வைத்திருக்க வேண்டும், திறந்து 8 வாரமானால் மாற்ற வேண்டும். இதெல்லாம் அன்றிரவு அவசரப் பிரிவில் ஒரு மிஸி (நர்ஸ்) சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. மூன்று மாதமாக அம்மா விழுங்கிக்கொண்டிருந்தார்.

புட்டியில் எழுதித்தானே இருக்கிறது என்பீர்கள். மலாயில் இருக்கிறது. நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய 71 வயது அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்தது தமிழ் மட்டும். "பஹாம்?" (புரிந்ததா?) என்று டாக்டர் மலாயில் கேட்டாராம். அம்மா தலையாட்டினாராம். டாக்டர் முகத்துக்கு நேரே புரியவில்லை என்று சொல்ல எங்கள் அம்மாக்களுக்கு வாய் வராது.

அதனால்தான் கேட்கிறேன்: "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "தண்ணியோடதான்" என்று அம்மா அங்கேயே சொல்லியிருப்பார். நீங்களும் அங்கேயே திருத்தியிருப்பீர்கள். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

2023-இல், நாட்டின் சுகாதாரத் துறையைச் சீரமைக்கும் திட்டமான சுகாதார வெள்ளை அறிக்கை மலேசிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நிதி, கட்டடம், கணினி எல்லாம் வரட்டும். ஆனால் காலை 6 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, மதியம்வரை நம்பருக்குக் காத்திருந்து உள்ளே போகிறவரிடம், கணினித் திரையைப் பார்த்தபடியே பேசி அனுப்பினால் அவர் எதைப் புரிந்துகொள்வார்? தமிழ் பேசும் மிஸி பக்கத்து அறையில் இருந்தும் ஏன் கூப்பிடவில்லை? வயதானவர்கள் என்றால் தலையாட்டினால் போதுமா?

மன்னியுங்கள், கோபம் முந்திக்கொண்டது. அன்றிரவு அம்மாவைக் காப்பாற்றியதும் உங்கள் மருத்துவமனைதான். அந்த நன்றி எனக்கு உண்டு. தயவுசெய்து ஒவ்வொரு புதிய மருந்துக்கும், நோயாளியையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

வருகிற புதன்கிழமை அம்மாவுக்கு அப்போயின்மென்ட். லீவு போட்டு நானும் வருகிறேன். கேள்வியை மட்டும் அம்மாவிடமே கேளுங்கள், டாக்டர்.

இப்படிக்கு,
ஒரு மகள்,
நிபோங் திபால், பினாங்கு