துப்பறியும் கதைக்கும் அதே அளவுகோல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பறியும் கதை, பேய்க்கதை, மாயக்கதை, சரித்திர நாவல் முதலியவை எவ்வளவு தேர்ச்சியுடன் எழுதப்பட்டாலும் பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டமாட்டா என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை முடிவு கட்டியிருந்தது. புகார் நகரில் தொடங்கும் இரண்டு காப்பியங்களைப் பள்ளியிலேயே படித்த எங்கள் பகுதி வாசகர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்கிறது.

சிலப்பதிகாரத்தின் மதுரைப் பகுதி ஒரு திருட்டு வழக்கு. களவுபோன சிலம்பு, பொய்க்குற்றம் சாட்டும் பொற்கொல்லன், தீர விசாரிக்காமல் நிறைவேற்றப்படும் கொலைத் தண்டனை, அரசவையில் சிலம்பை உடைத்துக் காட்டும் சான்று என்று குற்றக்கதைக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் அதில் உள்ளன. (இப்படிச் சொன்னால் தமிழாசிரியர்கள் சிலர் சினப்பார்கள், சினக்கட்டும்.) ஆனால் இளங்கோ திருடனை மறைத்து வைக்கவில்லை. தன் களவு வெளிப்படுமுன் இந்தப் புதியவன்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று பொற்கொல்லன் எண்ணுவதை, கோவலன் வெட்டுண்பதற்கு முன்பே கொலைக்களக் காதை நமக்குத் தெரிவித்துவிடுகிறது. திருடன் யார் என்ற கேள்வி அகன்றுவிட்டபின், உண்மை தெரிந்தும் தடுக்க இயலாமல் அரசனின் அவசரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதைப்பே வாசகருக்கு எஞ்சுகிறது. மணிமேகலையிலோ வான்வழிச் செல்லும் மந்திரமும், வேற்றுரு எடுக்கும் மந்திரமும், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் வருகின்றன. அந்த மாயப் பாத்திரத்தைக் கொண்டு சாத்தனார் பசியைப் பற்றிப் பேசுகிறார், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறார்.

நம் காலத்துக்கு வந்தால், மன்னார்குடியை அடுத்த வடுவூரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட துரைசாமி ஐயங்கார் துப்பறியும் நாவல்களால் பெரும்புகழ் பெற்றவர்; அவருடைய 'கும்பகோணம் வக்கீல்' நாவலைத் தழுவி 1950இல் 'திகம்பர சாமியார்' என்ற படமும் வந்தது. அவற்றை மகத்தான இலக்கியம் என்று நான் வாதாட மாட்டேன். மர்மம் அவிழ்ந்தபின் அந்தப் பாத்திரங்களிடம் நமக்கு வேலையிருப்பதில்லை. ஆனால் அது அந்த நாவல்களின் குறை, துப்பறிதலின் குறையன்று. ஆண்டுதோறும் வெளிவரும் சமூக நாவல்களிலும் பலவற்றை இரண்டாம் முறை கையில் எடுக்கத் தோன்றுவதில்லை; அதற்காகச் சமூக நாவல் என்ற வகையையே யாரும் தள்ளி வைப்பதில்லையே.

மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலத்தில் பிறந்த கல்கிக்கு, அவர் மறைந்தபின் 1956இல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது 'அலை ஓசை' நாவலுக்காக. 'பொன்னியின் செல்வ'னுக்காக அன்று. பின்னதில் சம்பவங்கள் மிகுதி, தற்செயல்கள் அதைவிட மிகுதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆதித்த கரிகாலன் கொலையை அவர் கையாண்டிருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு, அவனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் உள்ளிட்டோரைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. அதை ஆதாரமாகக் கொண்டு கணக்கை எளிதாக முடித்திருக்கலாம். கல்கியோ தாமே கொன்றதாக ஒன்றுக்கு மேற்பட்டோரைச் சொல்லவைத்து, உண்மையில் யார் கை கொன்றது என்பதை ஐயத்திலேயே விட்டுவிட்டார். இளங்கோ விடையை முன்னரே சொன்னார், கல்கி கடைசிவரை சொல்லவில்லை. இருவரும் மர்மக்கதையின் வழக்கமான பரிசை வாசகருக்கு மறுத்து, குற்றத்தைச் சுமக்கும் மனிதர்களின் பக்கம் அவரைத் திருப்புகிறார்கள். இந்தத் துணிவு கதையின் வகையால் வருவதன்று, எழுதுபவரால் வருவது.

எனவே தங்கள் நூல் மதிப்புரைப் பகுதியில் துப்பறியும் நாவலையும் அறிவியல் புனைகதையையும் 'விறுவிறுப்பான நூல்' என்று இரண்டு வரிகளில் கடந்துவிடாமல், மொழி, பாத்திரம், மறுவாசிப்புக்குத் தாங்கும் திறன் ஆகியவற்றைப் பிற நாவல்களுக்குப் பார்ப்பதுபோலவே பார்த்து எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன். தேறாதவற்றைத் தேறவில்லை என்று காரணத்துடன் எழுதுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை.