கோமாரிக் காலத்தில் மாட்டு லாரிகள்

ஐயா,

ஆந்திரா, கர்நாடக மாடுகள் பொள்ளாச்சி சந்தைக்கு வந்து, அங்கிருந்து கேரளாவுக்குப் போகின்றன. கோமாரி (மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வரும் தொற்றுநோய்) பரவும் நாட்களில் சோதனைச்சாவடியில் எச்சில் ஒழுகுகிறதா, குளம்பில் புண் உண்டா என்று மட்டும் பார்த்து அனுப்புவது போதாது. கிருமி தொற்றி நோய் தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். புண் தெரியும் முன்பே மாடு நோயைப் பரப்பத் தொடங்கிவிடும்.

ஏற்றும் அன்று போடும் தடுப்பூசியும் உதவாது. எதிர்ப்புச் சக்தி வர இரண்டு, மூன்று வாரம் வேண்டும். மாட்டின் காதில் மாட்டியுள்ள அடையாளத் தோட்டின் 12 இலக்க எண்ணைக் கொண்டு ஊசி போட்ட தேதியைப் பார்க்க வேண்டும்.

நோய்த் தடுப்பில் உள்ள பெரிய ஓட்டை, மாடு ஏற்றும் லாரிதான். சாணத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். சாணம் அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சாணம், வைக்கோலை வழித்தெடுத்து எரிக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகே, 100 லிட்டருக்கு 4 கிலோ சோடியம் கார்பனேட் (சலவைச் சோடா) கரைத்துத் தெளித்து, 10 நிமிடமாவது ஊறவிட வேண்டும். டயர், கயிறு, ஓட்டுநரின் செருப்பு எதையும் விடக்கூடாது.

வாங்கி வந்த மாட்டை மூன்று வாரம் தனித் தொட்டி, தனி ஆள் வைத்துப் பராமரியுங்கள். நோய் கண்ட பகுதியிலிருந்து மாடுகள் வெளியேறுவதைத் தடுக்க 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. நோய்ப் பகுதி என்ற அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே சந்தையையும் மூட உத்தரவிட வேண்டும்.

கால்நடை வளர்ப்போர்,
பொள்ளாச்சி